நெஞ்சுக்குள் உப்பு பூத்த கதை

பிள்ளைகளே, அப்பா ஏழு நாள் உப்பில்லாமல் கஞ்சி குடித்ததைச் சொல்லிச் சொல்லி நீங்கள் இருவரும் சிரிக்கிறீர்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் குடிக்கத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கதையைத்தான் கொடுக்கிறீர்கள். சொல்லச் சொல்ல அதில் பொய்யும் கலந்துவிடுகிறது. சின்னவள் சொல்லும் கதையில் நான் ஒரு மாதம் பட்டினி. அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைக்கிறேன். பத்தாம் வகுப்பில் தவறியவன் எழுத்து. பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். பிழையை மட்டும். கதையைத் திருத்தக் கூடாது.

இருமல் மழைக்காலத்தில் வந்தது. காய்ச்சல் மூன்று நாளில் போய்விட்டது, இருமல் மட்டும் விருந்தாளி போல உட்கார்ந்துகொண்டது. கிறிஸ்துமஸ் பூசை உங்களுக்கு நினைவிருக்கும். சாமியார் பிரசங்கத்தை ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் இருமினேன். நாலாவது தடவை அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார்.

"நீங்க முடிச்சிடுங்க. அப்புறம் நான் ஆரம்பிக்கிறேன்."

கோயிலே சிரித்தது. உங்கள் அம்மா முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டாள்.

பொங்கல் கழிந்ததும் இருமல் குறைந்தது. அப்பாடா என்று மூச்சை இழுத்தேன் பாருங்கள், இடது பக்க நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. சும்மா இருந்தால் ஒன்றும் இல்லை. ஆழமாக மூச்சை இழுத்தால் குத்தும். தும்மினால் குத்தும், கொட்டாவி விட்டால் குத்தும், சிரித்தால் எல்லாவற்றையும்விட அதிகமாகக் குத்தும். அதனால் சூடான டீயை உறிஞ்சுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விட ஆரம்பித்தேன்.

அது உப்பளத்தில் பாத்தி மிதிக்கிற நேரம். மழையில் குழைந்து கிடக்கும் தரையை வரிசையாக நின்று காலால் மிதித்து, சிமெண்டுத் தரை போல ஆக்கினால்தான் அதில் தண்ணீர் விட்டு உப்பு எடுக்க முடியும். மூச்சு வாங்கும் வேலை. பக்கத்தில் மிதித்தவர் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்பா, இன்னா புதுப்பொண்ணு மாதிரி மூச்சு வுடற?"

"பல்லு வலி."

"பல்லு வலிக்கு எதுக்குய்யா நெஞ்சப் புடிக்கிற?"

குனிந்து இன்னும் வேகமாக மிதித்தேன். ஏன் மறைத்தேன் என்று உங்களுக்கு இப்போது சொல்லலாம். போன வருஷம் அதே இடத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருவர், பலகையைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். நாங்கள்தான் அவரை லோடு ஆட்டோவில் ஏற்றினோம். அவர் திரும்பி வரவில்லை. அவருக்கும் இரண்டு பெண்கள். எனக்கும் அதுதானோ என்ற பயம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களே என்று போகவில்லை. உங்கள் அம்மாவிடமும் மூச்சு விடவில்லை.

பயந்த மனுஷனுக்குத்தான் புத்தி அதிகமாக வேலை செய்யும். வரப்பில் உட்கார்ந்து யோசித்தேன். இருபது வருஷமாக உப்புக் காற்றை இழுக்கிறேன். இருமல் இருந்தவரைக்கும் நெஞ்சில் ஈரம் இருந்தது. இருமல் நின்றது, ஈரம் காய்ந்தது. காய்ந்தால் என்ன ஆகும்? பாத்தியில் என்ன ஆகிறதோ அதுதான். உள்ளே உப்பு பூத்துவிட்டது! மூச்சை இழுத்தால் நெஞ்சு விரிகிறது, அதன் முனை குத்துகிறது. எல்லாம் பொருத்தமாக இருந்தது. இப்போது சிரியுங்கள், பரவாயில்லை. அன்றைக்கு எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை.

நோய் தெரிந்தால் மருந்தும் தெரிந்துவிடும். பாத்தியில் பூத்த உப்பு ஒரு நல்ல மழைக்குக் கரைந்துவிடும். ஆகவே உள்ளே மழை பெய்ய வேண்டும், புது உப்பும் போகக் கூடாது. விடிந்ததும் ஒரு சொம்பு, வேலைக்கு நடுவில் ஒரு குடம், சாயந்திரம் ஒரு குடம் என்று தண்ணீர் குடித்தேன். கஞ்சியில் உப்பு போடுவதற்கு முன்னால் என் பங்கை எடுத்து வைக்கச் சொன்னேன். குழம்பைத் தொடவில்லை.

உங்கள் அம்மா இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏங்க, இன்னா கொற கண்டீங்க என் சமையல்ல?"

"கொறையெல்லாம் ஒண்ணும் இல்ல."

"ஊருக்கே உப்பு வாரிக் குடுக்கிறவரு ஊட்ல வந்து உப்பில்லாம துன்றாரு. கேட்டா ஜனங்க என்னத்தான சிரிக்கும்?"

"தவக்காலம் வருதில்ல, இப்பவே பழகறேன்."

"தவக்காலத்துக்குக் கறி மீனுதாங்க வுடுவாங்க. உப்ப எவன் வுடறான்?"

நான் சிரிக்கவில்லை. சிரித்தால் குத்துமே. அவள் முறைத்துவிட்டுப் போனாள். நீங்களும் கதவோரமாக நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனீர்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஏழாம் நாள், சனிக்கிழமை காலை. சின்னவள் கம்பியை வளைத்து ஒரு மூக்குக்கண்ணாடி செய்து மாட்டிக்கொண்டு, அம்மாவின் புடவையை அங்கி மாதிரிச் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். கண்ணாடியை மெல்ல இறக்கினாள்.

"நீங்க முடிச்சிடுங்க. அப்புறம் நான் ஆரம்பிக்கிறேன்."

சாமியார் தோற்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பாதிச் சிரிப்பில் குத்திய குத்தில் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். சின்னவள் கண்ணாடியோடு அழ ஆரம்பித்தாள். அம்மா ஓடி வந்தாள். எல்லாம் வெளியே வந்தது: வலி, போன வருஷத்து மனிதர், உப்பு, மழை, எல்லாம். உங்கள் அம்மா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. அலமாரியிலிருந்து பணத்தை எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

"கெளம்புங்க."

பெரியவள் மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, குடிக்கிற தண்ணி வயித்துக்குத்தானே போவும்? நெஞ்சுல எப்படிப்பா மழ பெய்யும்?" எட்டாம் வகுப்புப் பாடம். எனக்கு அது வரைக்கும் தோன்றவே இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தது வயது குறைந்த ஒரு டாக்டரம்மா. முதலில் இ.சி.ஜி. எடுத்தார், அப்புறம் எக்ஸ்ரே, சளியையும் டப்பாவில் வாங்கினார். அந்த ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நான் உங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. எழுதுவதில் என்ன வெட்கம்.

உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்: "வலி எவ்வளவு இருக்குது? நம்பர்ல சொல்லுங்க, பத்துக்கு எவ்வளவு?"

"இருபத்தஞ்சுங்க."

எங்கள் அளத்தில் தண்ணீரின் உப்புக் கரிப்பை டிகிரியில் பார்ப்போம். இருபத்தைந்தைத் தொட்டால் உப்பு இறங்கும். அந்த நினைப்பில் வாயில் வந்துவிட்டது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். நெஞ்செலும்பின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினார்.

"ஐயோ!"

"இதேதான வலி?"

"இதேதாங்க."

"ரெண்டு மாசம் இருமி இருமி, வெலா எலும்பு நெஞ்செலும்போட சேர்ற எடம் புண்ணாயிருக்குது. தசையும் இழுத்துக்கிட்டிருக்குது. ஹார்ட் நல்லா இருக்குது, லங்ஸ் நல்லா இருக்குது. சளி ரிசல்ட் வரட்டும், ஆனா பயப்படற மாதிரி தெரியல. ரெண்டு வாரத்துக்கு மேல இருமினாலே வந்திருக்கணும். நெஞ்சு வலின்னா அன்னிக்கே ஓடி வரணும். ஏன் வரல?"

நான் கேட்க வந்ததைக் கேட்டேன்: "உள்ள உப்பு எதனா இருக்குதுங்களா?"

அவர் சிரிக்கவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "நீங்களே தேடிப் பாருங்க."

தேடினேன். "வெள்ளையா வரிவரியா இருக்குதேம்மா?"

"அது உங்க எலும்பு."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, சுடு ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும், பயந்துகொண்டு குட்டி மூச்சு விடக் கூடாது என்றார். எழுந்தபோது சின்னவள் நகரவில்லை.

"டாக்டர், எங்கப்பா சிரிக்கலாமா?"

"சிரிக்கலாமே. கொஞ்ச நாளைக்கு வலிக்கும், ஒண்ணும் ஆவாது. ஏன் கேக்கற?"

"ரொம்ப நாளா சிரிக்கவே இல்ல. எங்க மேல கோவம்னு நெனச்சோம். அதான் சாமியார் மாதிரி செஞ்சு காட்டனேன்."

ஏழு நாள் உப்பை விட்டதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. அந்தப் பேச்சுதான் குத்தியது. இருபத்தைந்துக்கு மேலேயே குத்தியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஓரத்து சீட்டில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே அளங்கள் வந்தன. மிதித்து முடித்த பாத்திகள் வெயிலில் பளபளத்துக் கிடந்தன. அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நெஞ்சுல எத்தினி மூட்ட தேறும்னு மின்னாடியே சொல்லியிருந்தா லாரி புடிச்சிருப்பேனே?"

மருந்துப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தேன். குத்தியது. விடாமல் சிரித்தேன். நீங்கள் இருவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்க ஆரம்பித்தீர்கள். கண்டக்டர் வந்து, டிக்கெட் எடுத்தாச்சா என்று இரண்டு தரம் கேட்டார்.