குறட்டை நின்றால்

துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் எண்ணூர் சாலையில் மணிக்கணக்கில் வரிசையாக நிற்கும். ஓட்டுநர்கள் இருக்கையிலேயே தூங்குவார்கள். வரிசை நகரும்போது எழுப்புவது பின்வண்டிக்காரர் பொறுப்பு. குறட்டை கேட்டால் இறங்கிப்போய்க் கதவைத் தட்டுவார். கேட்காவிட்டால் ஆள் விழித்துவிட்டதாக அர்த்தம், தட்டமாட்டார்.

ஒரு நண்பகலில் என் அண்ணனின் குறட்டை நின்றது. வரிசை நகர்ந்தும் அவர் வண்டி நகரவில்லை. பின்னாலிருந்த கூட்டாளி ஏறிப் பார்த்தால், மூச்சு இல்லை. உலுக்கியதும் பெரிதாக இழுத்து மூச்சுவிட்டார்.

"இன்னா மாமு, செத்துப் பொழைச்சியா?"

"தூங்கவே வுடமாட்டியா நைனா?" என்றாராம் அண்ணன்.

தூக்கத்தில் அவருக்கு மூச்சு திரும்பத் திரும்ப நிற்பது பரிசோதனையில் தெரிந்தது. சரியாகும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றார் மருத்துவர். அண்ணனுக்கு வேறு வேலை தெரியாது.

நானும் அண்ணியும் கூடப் போயிருந்த அன்று, மூளைக்குப் போகும் ரத்தத்தையும் சோதித்தார்கள். காதுக்கு முன்னால், எலும்பு மெலிந்த பொட்டில் ஒரு சிறு கருவியை வைத்தார் மருத்துவர். ஒலிபெருக்கியில் சர்ர், சர்ர் என்று கேட்டது. அவர் தலைக்குள் ஓடும் ரத்தம்.

"மூச்சை அடக்குங்க."

காசிமேட்டுக் கடலில் முங்கிப் பழகியவர், வீம்பாக அடக்கினார். ஓசை லேசாகத்தான் ஏறியது. வித்தியாசம் காட்ட மருத்துவர் அதே கருவியை என் பொட்டில் வைத்தார். நான் மூச்சை அடக்கினேன். கொஞ்ச நேரத்தில் ஓசை ஓங்கிக்கொண்டே போனது. காற்று வரவில்லை என்றதும் ரத்தக் குழாய்கள் தாமாக விரிந்து மூளைக்குக் கூடுதல் ரத்தம் விடுகின்றனவாம். ஐம்பத்திரண்டு வயதுவரை இப்படி ஒரு காவல் என் தலைக்குள் இருப்பது எனக்குத் தெரியாது. நான் அதனிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை. அது பாட்டுக்கு ரத்தத்தை அனுப்பிக்கொண்டே இருந்தது.

"தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு, இவருக்கு அந்தக் குழாய்கள் களைச்சுப்போச்சு" என்றார் மருத்துவர்.

அண்ணி கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொறட்டை நின்னா, அப்பாடா, நல்லாத் தூங்குறாருன்னு இத்தினி வருசமா நெனைச்சுக்கினு இருந்தேனே."

மூச்சு நிற்காதபடி காற்றை உள்ளே தள்ளும் காற்றழுத்த முகமூடி மாட்டித் தூங்கத் தொடங்கினார் அண்ணன். குறட்டை போய்விட்டது. முதல் சில வாரங்கள், அந்த அமைதியை நம்பாமல் அண்ணி அவர் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தபடி இருந்தார்.

சில மாதங்கள் கழித்து மறுபடி சோதனை. பகல் தூக்கம் போயிருந்தது. மூச்சை அடக்கியதும் ஓசை நன்றாகவே ஏறியது.

"வண்டி எடுக்கலாம். முகமூடியை மட்டும் விடாதீங்க."

அண்ணன் எழுந்திருக்கவில்லை. பொட்டைத் திருப்பிக் காட்டினார்.

"இன்னொரு தபா வைங்க டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு மூச்சை அடக்கினார்.