எங்கள் தெருவின் ஒன்பது குழாய்கள்

அடி அண்ணாமலையில் எங்கள் தெருவில் ஒரு குடிநீர்க் குழாய்கூடக் கிடையாது. குழாய் கேட்டு அலுவலகத்தில் மூன்று முறை மனு கொடுத்தேன்.

"வரைபடத்துல உங்க தெருவுக்கு ஒன்பது குழாய் காட்டுது. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா பெரியவரே?" என்றார் அங்கிருந்த எழுத்தர்.

விடுவேனா? வீடியோ பார்த்து வரைபட மென்பொருளை நானே கற்றேன். அரசுத் தளத்தில் இருந்த குழாய்ப் புள்ளிகளை இறக்கி, செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பெரிதாக்கினேன். ஒன்பதும் எங்கள் தெருமுனை டீக்கடைக்குள் இருந்தன.

இன்று அதைப் புதிதாக வந்த பொறியாளர் அம்மாவிடம் காட்டினேன். உடனே அவர், ஊர் முழுக்க நடந்து ஒவ்வொரு குழாயடியிலும் நின்று செல்போனில் பதிந்திருக்க வேண்டிய ஊழியரைக் கூப்பிட்டார்.

"வெயில் ஜாஸ்திங்க மேடம். டீக்கடையில உக்காந்தே ஊர்க் குழாய் எல்லாத்தையும் போட்டுட்டேன்."

"அப்படியே பஜ்ஜிக்கும் ஒரு புள்ளி வெச்சிருக்கலாமே?"

பிறகு என்னிடம் திரும்பினார். "நாளைக்கு நானே வர்றேங்க ஐயா. தெருத்தெருவா நடந்து சரி பண்ணிடலாம். குழாய் போடற பட்டியல்ல உங்க தெருதான் மொதல்ல. நீங்களும் கூட வாங்க."

மூன்று மனுவுக்குக் கிடைக்காத பதில் ஒரு படத்துக்குக் கிடைத்தது.

உங்கள் தெருவில் எத்தனை குழாய் என்று கீழே எழுதுங்கள். வெளியே போய் எண்ணிவிட்டு எழுதுங்கள்.