ஐந்துக்கு ஒன்று

காப்பிச் செடியைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை மூட்டை தேறும் என்று சொல்லிவிடுவார் காளியப்பன். வாழவந்திப் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை. அவர் மதிப்பு அரை மூட்டைகூடத் தவறாது என்று ஊரே பேசும். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவர்தான்.

தொண்ணூற்றாறில் எஸ்டேட் ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. கணக்குப் பழகப்போவதாகச் சொல்லிப் பழையதை வீட்டுக்குத் தூக்கி வந்தார். பழகியதென்னவோ கார் ஓட்டவும் துப்பாக்கி சுடவும்தான். சேலம் போகும்போதெல்லாம் ஒரு விளையாட்டை வாங்கி வந்து ஏற்றுவார். சேர்த்ததில் பாதியை அவர் திறந்துகூடப் பார்த்ததில்லை.

அவர் மனைவி பூவாயிக்கு ஒன்றே ஒன்று போதும். மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பி அடுக்கும் விளையாட்டு. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற கை, வேகத்துக்குக் கேட்கவா வேண்டும். ஆட்டம் முடிந்ததும் திரையில் வரும் பெயர்களில் முதல் பெயர் அவளுடையது. காலையில் எஸ்டேட்டில் பேர் கூப்பிடுவது காளியப்பன்தான். சொந்தப் பெண்டாட்டியை முன்னால் கூப்பிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அவளை எப்போதும் கடைசியில்தான் கூப்பிடுவார். அவள் முதலில் நின்ற இடம் அந்தத் திரை மட்டும்தான்.

ஐப்பசி மழையில் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது. சேலத்து மெக்கானிக் ஆரோக்கியதாஸ் வந்து பார்த்தார்.

“ஹார்ட் டிஸ்க் நொம்ப நாள் தாங்காதுங்க ரைட்டரே. எல்லாத்தையும் சுருக்கிப் பிளாப்பியில எடுத்து வச்சுருங்க.”

“எவ்வளவுக்குச் சுருங்குமுங்க?”

“அது ஒண்ணொண்ணுக்கு ஒரு மாதிரிங்க. சிலது சுருங்கவே சுருங்காது.”

அது காளியப்பன் காதில் ஏறவில்லை. சுருங்குவதைப் பற்றி அவருக்கே ஒருவன் பாடம் சொல்வதா? ஐந்து மூட்டைப் பழம் காய்ந்து தோல் கழிந்தால் ஒரு மூட்டைக் கொட்டை. உலகத்துக்கே அதுதான் சட்டம் என்று நினைத்தார். சுருக்காமல் எடுத்தால் நூறு பிளாப்பி, ஆகவே இருபது வாங்கினார்.

“ஏனுங்க, என்னுதத் தனியா ஒண்ணுல போட்ருங்க. அந்தப் பேரு போயிரக் கூடாது” என்றாள் பூவாயி.

“இருபதுக்கு மேல உனக்குன்னு ஒண்ணு சேத்தித்தான் வாங்கியிருக்கறேன். எனக்கே கணக்குச் சொல்றியா?”

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எல்லா விளையாட்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினார். பிளாப்பி நிரம்ப நிரம்பக் கம்ப்யூட்டர் அடுத்ததைக் கேட்டது. இருபதும் தீர்ந்தன. இன்னொன்று கேட்டது. மேசைமேல் பூவாயியின் பிளாப்பி இருந்தது, அவள் அடுப்படியில் இருந்தாள். இதோடு முடிந்துவிடும், தன் மதிப்பாவது தவறுவதாவது என்று அதையும் செருகினார். நிரம்பியது. இன்னொன்று கேட்டது.

மறுநாள் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தார். ராத்திரி மழையில் மலைப் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றது. கரண்ட் போய் வந்ததில் பெட்டி கண்ணை மூடிவிட்டது.

மண் சரிந்த இடத்தை நடந்தே தாண்டி வந்த ஆரோக்கியதாஸ் வேறு டிஸ்க் மாட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார். “ஒரே மூட்டையாக் கட்டிட்டீங்களே. கடைசிப் பிளாப்பி இல்லாம மொதலாவதுகூடத் தொறக்காதுங்க.”

விளைச்சல் பூச்சியம். எந்த வறட்சியிலும் காளியப்பன் அப்படிக் கண்டதில்லை. கார் விளையாட்டுப் போனதில் அவருக்கு வருத்தமே இல்லை. பூவாயியின் முகத்தைப் பார்க்கத்தான் வெட்கமாக இருந்தது.

“உன்னுதையும் நாந்தான் எடுத்துச் செருகிட்டேன்.”

“தெரியுமுங்க. மேசையில காணம்.”

அவளுடைய விளையாட்டு ஆரோக்கியதாஸிடம் இருந்தது. ஏற்றிக் கொடுத்தார். பெயர்கள் வரும் இடம் வெறுமையாக இருந்தது.

“எந்திரிங்க, உக்கார எடம் உடுங்க” என்று உட்கார்ந்தாள் பூவாயி. முதல் ஆட்டத்திலேயே அவள் பெயர் மறுபடியும் முதலில் வந்தது. பொழுது சாயும்வரை ஆடியும் பழைய அளவு புள்ளி எடுக்க முடியவில்லை. அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

பாதை சரியானதும் காளியப்பன் சேலம் போய் பத்துப் பிளாப்பி கொண்ட ஒரு பெட்டி வாங்கி வந்து, அந்த ஒரே விளையாட்டைப் பத்திலும் எடுத்து வைத்தார்.

“ஒண்ணு போதாதுங்களா?”

“இருக்கட்டும் புள்ள. எங்கணக்க நானே நம்பறதில்ல.”

மறுநாள் எஸ்டேட்டில் பேர் கூப்பிட நின்றவர், முதலில் “பூவாயி” என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கடைசியில் நின்று கூடையின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த பூவாயி நிமிரவே இல்லை. தன் முறை வர இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்திருந்தாள்.