ஐம்பது கராம்பும் மச்சானின் ராஜாவும்

பதினொரு வருடங்களாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், என் மனைவியின் அண்ணனிடம் சதுரங்கத்தில் தோற்று வந்தேன். மச்சானுக்குப் பலாபத்வலையில் டயர் ஒட்டும் கடை. பகல் சாப்பாட்டுக்கு மாத்தளையில் எங்கள் வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், என்னைத் தோற்கடிப்பார், போவார். தோற்றதுகூடப் பெரிதில்லை. ஜெயித்த பிறகு, "பரவாயில்ல மாப்ள, போன வாரத்துக்கு இது மேல்" என்பார் பாருங்கள், அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் கடையைக் கொடுத்துவிட்டு, கனடாவில் மகளோடு நிரந்தரமாகத் தங்கப் போவதாகச் சொன்னார். மிச்சம் இரண்டே இரண்டு ஞாயிறு. ஒரு தடவையாவது வெல்லாமல் இந்த மனுஷனை பிளேன் ஏற விட்டால், சாகும்வரை நான் தோற்றவன்தான் என்று எனக்குத் தூக்கமே போய்விட்டது.

அந்த முதல் ஞாயிறு கடவுள் கண் திறந்தார். மச்சான் பேச்சு சுவாரசியத்தில் ராணியை என் குதிரைக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். வெட்டி வெட்டிக் கடைசியில் அவரிடம் ராஜா மட்டும். என்னிடம் ராஜா, சாய்வாக ஓடும் மந்திரி, ஒரு குதிரை. நான் எழுந்து நின்று சிரித்தேன்.

"உக்காருங்க மாப்ள. ஐம்பது மூவுக்குள்ள செக்மேட் வைக்கணும். இல்லாட்டி ட்ரோ. சதுரங்கத்துலேயே கஷ்டமான வேல இதுதான்" என்றார் மச்சான். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வர்ற ஞாயிறு முடிப்போம். ஆனா போன்ல பாத்துட்டு வரக்கூடாது. கம்ப்யூட்டர்கிட்ட தோக்குறதுக்கு நான் எதுக்கு பஸ் ஏறணும்?"

மனைவி என்னைத் தன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ண வைத்தாள். அண்ணனுக்கு ஏற்ற தங்கச்சி.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இதை எப்படித்தான் கண்டுபிடித்தார்கள்? தம்புள்ளை சந்தையில் மரக்கறி நிறுத்து பில் எழுதுவது என் வேலை. திங்கட்கிழமை அங்கே போகிற பஸ்ஸில் நின்றுகொண்டு யோசித்தபோது புத்தியில் பட்டது. முன்னாலிருந்து போனால் ஆயிரம் வழி, எந்த வழி என்று யாருக்குத் தெரியும்? முடிவிலிருந்து பின்னால் வர வேண்டும். ராஜா மூலையில் செத்துக் கிடக்கிறான். அதற்கு ஒரு நகர்வு முன்னால் யார் எங்கே நின்றார்கள்? அதற்கும் முன்னால்? இப்படியே ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியை எழுதி நிரப்பினேன். செவ்வாய்க்கிழமை தக்காளி பில்லில் கிலோ எழுதவேண்டிய இடத்தில் குதிரையின் கட்டத்தை எழுதிவிட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மாலையில் மனைவிதான் எதிரி ராஜா. ஒரு கையில் போஞ்சி, மறுகையில் ராஜா. இரண்டாம் நாளே பிடித்துவிட்டாள்: என் மந்திரி ஓடும் நிறத்தில் உள்ள மூலையில்தான் ராஜாவைக் கொல்ல முடியும், மற்ற நிறத்து மூலையில் அவன் கால் நீட்டி உட்காரலாம். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் மந்திரி வராத மூலைக்கே ஓடினாள்.

"இங்க உங்க மந்திரி வரமாட்டாருல்ல?" என்று கேட்டுவிட்டுப் போஞ்சி நறுக்கினாள்.

அங்கிருந்து அவளைக் கிளப்பி, ஓரமாகவே ஓட்டி, அடுத்த மூலையில் கொல்ல எனக்கு வெள்ளிக்கிழமை ஆனது. சரியாக இருபத்தொரு நகர்வு. கொப்பியில் முதல் பக்கத்திலிருந்து அழகாக எழுதி வைத்தேன்.

"பாவம் அண்ணன்" என்றாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஞாயிறு மச்சான் வந்தார். சமையலறையிலிருந்து ஐம்பது கராம்பு எண்ணி ஒரு பீங்கான் தட்டில் போட்டார். நான் ஒரு தடவை காய் நகர்த்தினால் ஒரு கராம்பு பக்கத்துப் பீங்கானுக்குப் போகும். பதினெட்டாவது கராம்பில் மச்சான், ஒன்றும் அறியாத மனுஷன், தானாகவே நடந்து வந்து கொல்லும் மூலைக்குள் உட்கார்ந்தார்.

புத்தியுள்ளவன் அங்கேயே முடித்திருப்பான். நான் கொப்பியைப் புரட்டினேன். குதிரை எங்கேயோ தூரத்தில் நின்றது. அந்த நிலை எந்தப் பக்கத்திலும் இல்லை. என் முதல் பக்கம் ராஜா மற்ற மூலையில் இருக்கும்போதுதான் தொடங்குகிறது. என்ன செய்தேன் தெரியுமா? வழியைத் திறந்துவிட்டு, அவரை வெளியே எடுத்து, எனக்குத் தெரிந்த மூலைக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

"என்ன மாப்ள, எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"பேசாம வாங்க மச்சான்."

அதற்குப் பன்னிரண்டு கராம்பு. நிம்மதியாக முதல் பக்கத்தைத் திறந்த பிறகுதான் பீங்கானைப் பார்த்தேன். மிச்சம் இருபது கராம்பு. கொப்பியில் இருபத்தொரு நகர்வு.

வேகமாக ஆடினால் எண்ணிக்கை குறையும் என்பதுபோல ஆடினேன். மனைவி ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றாள். கடைசிக் கராம்பும் போனது. மச்சானின் ராஜா மூலையில், சாவதற்கு ஒரே ஒரு நகர்வு பாக்கி. எனக்கு அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை.

"ட்ரோ மச்சான்" என்றேன்.

அவர் வெறும் பீங்கானைப் பார்த்தார். "இல்ல மாப்ள. நடுவுல ஒரு கராம்ப நான் வாயில போட்டுட்டேன். இன்னும் ஒரு மூவ் இருக்கு. வைங்க."

மச்சானுக்குக் கராம்பு வாசனையே ஆகாது. புரியாணியில் கிடந்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைப்பார். அது எனக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியும். மானமுள்ளவன் வேண்டாம் என்றிருப்பான். நான் மந்திரியை எடுத்து வைத்தேன். செக்மேட்.

இப்போது கனடாவிலிருந்து பேசும்போதெல்லாம், பதினொரு வருடத்தில் மாப்பிள்ளை தன்னை ஒரு தடவை தோற்கடித்த கதையை அங்குள்ளவர்களுக்குச் சத்தமாகச் சொல்கிறார். "என்ன மாப்ள, சரிதானே?" என்று என்னையும் கேட்கிறார். நான் "ஆமா மச்சான்" என்கிறேன். ஞாயிறு பகலில் தோற்பதற்கு எனக்கு ஆளில்லை.