நெல் குவியலின் மேல் ஒரு மரநாய்

என் மாமா கல்யாணத்தில் படம் எடுத்தால் மாப்பிள்ளை கண்ணை மூடியிருப்பார், இல்லையென்றால் பெண் தும்மிக்கொண்டிருப்பாள். மனிதர்களைப் பொறுத்தவரை அவருக்கு அவ்வளவுதான் ராசி. ஆனால் தஞ்சாவூரில் யார் வீட்டுக் குளியலறையில் பாம்பு புகுந்தாலும், எந்த மதிலோரம் ஆந்தை அடிபட்டு விழுந்தாலும், அவருடைய ஸ்டுடியோவுக்குத்தான் ஆள் வரும். அம்மாவின் தம்பி அவர். இதற்கெல்லாம் காசு வாங்கமாட்டார். பிடிப்பதற்கு முன்னால், அது இருக்கிற இடத்திலேயே ஒரு படம் எடுத்துக்கொள்ள விடவேண்டும், அவ்வளவுதான். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று ஒரு நல்ல பாம்பிடம் அவர் மரியாதையாகக் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். பிறகு சாக்கில் கட்டி, சைக்கிளில் வைத்து, ஊருக்கு வெளியே ஆற்றோரம் கொண்டுபோய் விடுவார்.

நாங்கள் வெண்ணாற்றங்கரைக் கிராமத்தில் இருந்தோம். அப்பா அங்கே ஒரு மிராசுதாரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதுவந்தார். மிராசுதார் குடியிருந்தது தஞ்சாவூரில். குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சர்க்கார் சொன்ன நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. பெயர் பதிந்துவிட்டால் எங்களை அசைக்க முடியாது, அதற்குள் கிளப்பிவிடவேண்டும் என்று அவர் துடித்தார். அப்பாவும் கூடக் குத்தகைக்கு உழுத சகாக்களும் அசைய மறுத்தார்கள்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் மிராசுதார் வீட்டு மச்சில் சோறு வெந்தது. அதாவது, பொழுது சாய்ந்தால் மச்சிலிருந்து சீரகச்சம்பா வடித்த வாசனை கீழே இறங்கிவந்தது. ஓடுகள் விலகிக் கிடந்தன. கொல்லையிலிருந்த வாழைத்தார் குறைந்துகொண்டே வந்தது. மச்சில்தான் எங்கள் ஊர்க் குத்தகை நெல்லைக் கொட்டிவைத்திருந்தார்கள். மிராசுதார் முடிவுக்கு வந்துவிட்டார்: குத்தகைக்காரன்கள் ஓட்டைப் பிரித்து இறங்கி, அவர் தலைக்கு மேலேயே உட்கார்ந்து, அவர் நெல்லைக் குத்திப் பொங்கித் தின்கிறார்கள்! வேறு ஊராக இருந்தால் போலீஸ்காரர்கள் சிரித்திருப்பார்கள். தஞ்சாவூரில் வாசனை என்றாலே சோறுதான். நம்பிவிட்டார்கள். நடவுக்கு நின்றிருந்த அப்பாவைச் சேற்றுக் காலோடு கூட்டிக்கொண்டு போனார்கள்.

நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் நடுவதற்கு உதவாது. நடாமல் கிடந்தால், தரிசு போட்டுவிட்டான் என்று சொல்லியே நிலத்தைப் பிடுங்கிவிடலாம். அது தெரிந்த அம்மா, என்னை ஸ்டுடியோவில் தள்ளிவிட்டுப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

மறுநாள் காலையில், யாரால் அழுதேனோ அந்த மிராசுதார் வீட்டிலிருந்தே மாமாவுக்கு ஆள் வந்தது. மிராசுதாரின் மனைவிக்குப் புருஷனின் கண்டுபிடிப்பில் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது. அவர் வக்கீல் வீட்டுக்குப் போன நேரம் பார்த்து அழைத்திருந்தாள்.

"பேயோ பிசாசோ, என்னன்னு பாத்துட்டுப் போங்க தம்பி. பயத்துல எனக்குச் சோறே எறங்கல."

நாங்கள் யார் என்று மாமா சொல்லவில்லை. ஏணியில் ஏறினார். கீழே நில் என்றதைக் காதில் வாங்காமல் நானும் ஏறினேன். வாசனை பசியைக் கிளப்பியது. ஓடு விலகிய இடத்து வழியாக வெயில் நேராக நெல்லின் மேல் விழுந்திருந்தது. குவியலின் உச்சியில், கறுத்த முகமும் நீண்ட வாலுமாக ஒரு மரநாய் படுத்திருந்தது. மடியில் கண் திறக்காத குட்டிகள். எங்களைப் பார்த்ததும் பல்லைக் காட்டிச் சீறியது. ஆனால் இடத்தை விட்டு இம்மியும் நகரவில்லை.

"இது அதோட உடம்பு வாசனைடி" என்றார் மாமா மெதுவாக. "இதுக்காடி உங்கப்பனை உள்ள வெச்சிருக்காங்க?"

பிறகு படம் எடுத்தார். விலகிய ஓடு, வாழைப்பழத் தோல், மிராசுதார் பெயர் எழுதிய சாக்கு எல்லாம் விழும்படி எடுத்தார்.

கீழே வேலையாள் உலக்கையோடு தயாராக நின்றான். மாமா ஏணியை மறித்துக்கொண்டார்.

"குட்டி கண்ணு தொறக்கலம்மா. தொறந்ததும் நானே வந்து எடுத்துட்டுப் போறேன். பிள்ளை பெத்த ஒடம்பு, அதுவரைக்கும் தொந்தரவு பண்ணாதீங்க."

அந்த அம்மாள் உலக்கையை வாங்கிச் சுவரில் சாய்த்தாள்.

ஸ்டேஷன் வாசலில் விஷயத்தைக் கேட்டதும் அம்மா தம்பியின் மேல் பாய்ந்தாள். "அதைச் சாக்குல போட்டுக் கொண்டாந்து இவங்க மேசையில கொட்ட வேண்டியதுதானே! படம் புடிச்சிக்கிட்டு வந்திருக்கான், படம்!"

"கொண்டாந்தா இங்கயே அடிச்சுடுவாங்கக்கா. படம் போதும்."

படம் போதுமா என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மாமா கழுவிக் கொண்டுவந்த படம் சரியாகக் காயக்கூட இல்லை. இன்ஸ்பெக்டர் அதை ஓரத்தில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். சாக்கிலிருந்த பெயரை வாய்விட்டுப் படித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, அப்போதுதான் வந்து சேர்ந்த மிராசுதாரின் பக்கம் படத்தைத் திருப்பினார்.

"சோறாக்குனது இவங்கதானுங்களா?"

மிராசுதார் வந்த வழியே நடையைக் கட்டினார். அப்பா வெளியே வந்தார். நான் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே வயலுக்குப் போனார். ஊரே இறங்கி நட்டது. அன்றைக்கு நடவுப் பாட்டு அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

குட்டிகள் கண் திறந்ததும், சொன்ன சொல் தவறாமல் மாமா தாயையும் பிள்ளைகளையும் கூண்டில் ஏற்றி ஆற்றோர மூங்கில் தோப்பில் விட்டார். நானும் கூடப் போயிருந்தேன். தாய் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காதது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. அப்பாவின் சகாக்கள் ஒவ்வொருவராக ஸ்டுடியோவுக்கு வந்து அந்தப் படத்தில் ஒன்று வேண்டும் என்றார்கள். மாமா கோடியக்கரையில் எடுத்த பூநாரைப் படங்களை நான் காட்டினேன். எவ்வளவு அழகு அவை! ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பல்லைக் காட்டும் மரநாய்தான் வேண்டுமாம். எங்கள் வீட்டிலும், வாசலில் நுழைந்தால் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் அம்மா அதை மாட்டினாள்.

"எப்படி அழுத்தமா உக்காந்திருக்கா பாரு! எவன் வந்து கெளப்பினாலும் எந்திரிக்கமாட்டா" என்றாள்.

விவரம் தெரியாமல் பேசுகிறாளே என்று, நான் திருத்தினேன். "அதுதான் போயிடுச்சேம்மா. நானும் மாமாவும்தானே கொண்டுபோயி விட்டோம்."

அம்மா ஆணியை இன்னொரு தட்டுத் தட்டினாள்.

"போனது மரநாய்டி" என்றாள்.

அப்பாவும் வந்திருந்தவர்களும் வீடு அதிரச் சிரித்தார்கள். நான் சொன்னதைத்தானே அம்மாவும் சொல்கிறாள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.