அளவு நோட்டும் உருண்டையும்

என் அண்ணிக்குப் பெண்கள் உடுப்புத் தைப்பது தொழில். இருபத்தாறு வருஷமாக வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு கட்டிங் மேசை, இரண்டு மெஷின், ஆளுயரக் கண்ணாடி, கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளைப் போட்ட பிறகு உள்ளே பேசியது வெளியே போகாது என்பது தெருவுக்கே தெரியும். நான் அண்ணனின் தங்கை, அடுத்த வீட்டுக்காரி. காஜா எடுப்பது, ஹூக் வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது எல்லாம் என் வேலை. அளவு எழுதுவதும் நான்தான். அண்ணி வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு முணுமுணுப்பாள், நான் நோட்டில் குறிப்பேன். அந்த முணுமுணுப்பு எனக்கு மட்டும்தான் புரியும்.

நோட்டில் யார் பெயரும் இருக்காது. 'இடத்தோள்' என்றால் இடது தோள் கொஞ்சம் இறங்கியவள். 'நாளைக்கே' என்றால் இன்று துணியைக் கொடுத்துவிட்டு நாளைக்கே கேட்பவள். ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை 'கூச்சம்' என்ற பெயரில் பதினோரு வருஷமாக அதில் இருக்கிறார். ஒருமுறை அண்ணன் ஏதோ போன் நம்பரைத் தேடி அந்த நோட்டைப் புரட்டிவிட்டார். அண்ணி மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், நாலு சுவருக்குள் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேரை மீட்டிருக்கிறார், அந்த மூன்று நாளிலிருந்து அவரை மீட்கத்தான் ஆளில்லை.

இதையும் சொல்ல வேண்டும். டேப் இடுப்பைத் தொட்டதும் எல்லாப் பெண்களும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ஒல்லியானவளும் இழுப்பாள், எட்டு மாதக்காரியும் இழுப்பாள். அண்ணி டேப்பைப் பிடித்தபடியே நின்று, "மூச்ச விடும்மா. இங்க யாரு பாக்குறா" என்பாள். அவசரப்படவே மாட்டாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு வெளியே வரும், அதன் பின்னாலேயே பேச்சும் வரும். புருஷனைப் பற்றி, வேலையிடத்துச் சண்டையைப் பற்றி, டாக்டர் சொன்னதைப் பற்றி. அண்ணி கேட்டுக்கொள்வாள், அதோடு சரி. உண்மையான அளவு வேண்டுமென்றால் ஆள் உண்மையாக நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு.

போன வருஷம் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு மாதம் எழுதாதே, தைக்காதே, குனியாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்னறை மூலையில் துணி மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்திருந்தேன். அளவெழுத ஆளில்லை என்று அண்ணி போனில் மகனிடம் சொல்ல, வேறு ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அந்தப் புத்திசாலி, பேச்சைக் கேட்டு வேலை செய்யும் ஓர் உருண்டையைப் பார்சலில் அனுப்பி வைத்தான். பெரிய நார்த்தங்காய் அளவு இருக்கும். சாம்பல் துணி சுற்றியிருந்தது, தலையில் ஒரு விளக்கு. அதைக் கூப்பிட ஒரு பெயர் உண்டு. அதை நான் இங்கே எழுத மாட்டேன். படிக்கிறவர் வாய்விட்டுப் படித்து, அவர் வீட்டில் ஒன்று விழித்துக்கொண்டால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

ஜன்னல் திண்டில் நூல்கண்டுகளுக்கு நடுவில் அதை வைத்தார்கள். அன்றைக்கே நான் அண்ணி மகனிடம் போனில் கேட்டேன்.

"ஏண்டா, இது எந்நேரமும் காதைத் தீட்டிக்கிட்டே இருக்குமா?"

"இல்ல அத்தை. பேர் சொல்லிக் கூப்பிட்டாதான் கேக்கும்."

"கூப்பிட்டது அதுக்குக் கேக்கணும்னா, அதுக்கு முன்னாடியே கேட்டுக்கிட்டுத்தானே இருக்கணும்?"

அவன் சிரித்தான். "அத்தை, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க" என்றான். இந்தக் காலத்தில் யோசிப்பவளுக்குக் கிடைக்கும் பட்டம் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணியோ, "விடு, உன் கண்ணு சரியாகுற வரைக்கும்தானே" என்றாள். என் கண்ணைக் காட்டி என் வாயை அடைத்தாகிவிட்டது.

ஒரு வாரத்துக்குள் அந்த உருண்டை அண்ணியைத் தனக்கேற்றபடி வெட்டித் தைத்துவிட்டது. குண்டூசியைக் கடித்துக்கொண்டு சொன்னால் அதற்குப் புரியாது. ஆகவே அண்ணி ஊசியை எடுத்து வைத்துவிட்டு, நிமிர்ந்து, சத்தமாகச் சொல்லப் பழகினாள். 'இடத்தோள்', 'கூச்சம்' எல்லாம் வேண்டாம், பின்னால் தேட முடியாது, ஆள் யாரென்று தெளிவாகச் சொல்லு என்றான் மகன். ஆகவே 'இடத்தோள்' மாறி 'தபால் ஆபீஸ் மேடம்' ஆனாள். ஒவ்வொரு தடவையும் முதலில் 'அளவு நோட்டில் எழுது' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது வீட்டுச் சாமான் லிஸ்டில் போய் எழுதிவிடும். அந்த லிஸ்ட் அண்ணன் போனிலும் வரும், மகன் போனிலும் வரும், ஏனென்றால் எல்லாம் ஒரே குடும்பக் கணக்கு. வசதியாம்.

தெருமுனை பேக்கரி முதலாளியம்மாவின் மருமகள் வந்தது அந்த இரண்டாவது வாரம். நோட்டில் அவள் பெயர் 'மாவுக்கை'. எத்தனை கழுவினாலும் நகக்கண்ணில் மாவு இருக்கும். மாமியார் கல்லாவில், புருஷன் அடுப்படியில், இவள் கவுன்ட்டரில், அப்படி ஒரு கடை. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கடையில் போடும் சீருடைக் கவுனை நீட்டினாள்.

"இடுப்புல கொஞ்சம் விடணும்க்கா. பாத்தா தெரியக் கூடாது."

டேப் தொட்டதும் வழக்கம்போல் வயிற்றை இழுத்தாள். அண்ணி காத்திருந்தாள். மூச்சு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"மூணாம் மாசம்க்கா. முன்னாடி ரெண்டு தடவை நிக்கல. ரெண்டு தடவையும் எங்கத்தை முதல் மாசமே ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. அப்புறம் அதே ஊரெல்லாம் கடைக்கு வந்து, ரொட்டி வாங்கிக்கிட்டே, என்னாச்சு ஏதாச்சுன்னு விசாரிச்சாங்க. நான் அவங்களுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துக்கிட்டே பதில் சொன்னேன். இந்தத் தடவை அஞ்சு மாசம் தாண்டுற வரைக்கும் யாருக்கும் சொல்லல. அவருக்குத் தெரியும், இப்ப உங்க ரெண்டு பேருக்கும் தெரியும்."

அழுகையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். "அது என்னக்கா?"

"அளவு எழுதுற மெஷின்" என்றாள் அண்ணி.

அண்ணிக்கும் கண் கலங்கியிருந்தது. எனக்கு அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதையும் மீறினேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அண்ணி உருண்டையைக் கூப்பிட்டாள். "எழுதிக்கோ. பேக்கரி மருமக, இடுப்பு முப்பத்திரண்டரை. மூணாம் மாசம், தையலுக்குள்ள ரெண்டு இன்ச் விடணும்." விளக்கு சமர்த்தாக மின்னி, எழுதிவிட்டேன் என்றது. 'அளவு நோட்டில்' என்ற முதல் வார்த்தைகளை அண்ணி சொல்லவில்லை. எனக்கும் அது உறைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அண்ணன் ரொட்டியும் வெண்ணெயுமாக வந்து சேர்ந்தார். நான் ஓவர்லாக் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அண்ணி காலர் வெட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் முகமெல்லாம் சிரிப்பு.

"பேக்கரியில இன்னிக்கு ஒரே கூத்து" என்றார். "ரெண்டு கையிலயும் பை. சரின்னு போன்கிட்டயே லிஸ்ட்டப் படின்னு சொன்னேன். ரொட்டி, வெண்ணெய், சோப்புத் தூள்னு படிச்சுது. அப்புறம் பேக்கரி மருமக, இடுப்பு இவ்வளவு, மூணாம் மாசம்னு படிக்குது. கடை பூரா ஆளு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அந்த மாமியாரம்மா கல்லாவ விட்டே எந்திரிச்சு ஓடி வந்துட்டாங்க, அவ்வளவு சந்தோஷம். எல்லாருக்கும் ஆளுக்கொரு பன் சும்மா கொடுத்தாங்க. எனக்கும் ஒண்ணு."

பையிலிருந்து பன்னை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அண்ணி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அந்தப் பொண்ணு?"

"அது உள்ள போயிடுச்சு. வெக்கமா இருக்கும்."

என் கூடப்பிறந்தவர், நல்ல மனுஷர், ஈ எறும்புக்குக் கெடுதல் நினைக்காதவர். அன்றைக்கு அவரை அந்தப் பன்னாலேயே அடிக்கலாமா என்றிருந்தது. அண்ணி அவரை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்த மூன்று நாள் மௌனத்தை அறிந்த மனுஷர் என்பதால், அண்ணன் பன்னை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் சமையலறைக்குப் போய்விட்டார்.

அண்ணி உருண்டையின் வயரைப் பிடுங்கிவிட்டு மகனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்தான் பேசினாள், நானும் கேட்டேன்.

"அத அழி."

"அழிச்சிட்டேம்மா. அப்பா இப்பதான் சொன்னாரு."

"எல்லாத்தையும்?"

"என் பக்கம் அழிச்சாச்சு. கம்பெனி பக்கம் எப்ப அழியும்னு தெரியல. அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு."

"அதுல என்னென்ன இருக்கு?"

"நீ கூப்பிட்டுச் சொன்னதெல்லாம் இருக்கும். அப்பப்ப அதுவா தப்பா முழிச்சுக்கும், அப்பப் பேசுனதும் இருக்கும். உன் குரல்லயே இருக்கும்மா. இரு, ஒண்ணு போடுறேன்."

நாங்கள் கேட்கவில்லை, அவனாகவே போட்டான். மெஷின் ஓடும் சத்தம் வந்தது. பிறகு ஒரு பெண், யாரென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், தன் மார்பில் ஒரு கட்டி இருப்பதாகவும் வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துடா" என்றாள் அண்ணி.

"இதையெல்லாம் யாரும்மா உக்காந்து கேக்கப் போறா? நமக்கு மறைக்க என்ன இருக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. என்கிட்ட வர்றவங்களுக்கு இருக்கு. யாரு கேப்பான்னியே, இப்ப நீயே கேட்டியே."

அவன் கெட்ட பிள்ளை இல்லை. அம்மாவுக்கு உதவியென்று நினைத்து அனுப்பியவன்தான். அதுதான் எனக்கு ஆத்திரம். இதில் கெட்டவன் என்று ஒருத்தன் இருந்திருந்தால், நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

மறுநாள் காலை அண்ணி பேக்கரிக்குப் போனாள், நானும் கூடப் போனேன். மாமியாரம்மா கல்லாவிலிருந்தபடியே வருவோர் போவோருக்கெல்லாம் சேதி சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி வேறு சொன்னார். கவுன்ட்டரில் ஒரு கிழவர் மருமகளிடம், "இந்தத் தடவை பாத்துக்கம்மா, கனமெல்லாம் தூக்காத" என்று சொல்லிக்கொண்டே சில்லறையை வாங்கிப் பையில் போட்டார். அவள் தலையாட்டினாள். அண்ணி கவுன்ட்டருக்கு மேல் குனிந்து, எப்படி நடந்தது என்பதையெல்லாம் விளக்கினாள். லிஸ்ட், குடும்பக் கணக்கு, விட்டுப்போன வார்த்தை என்று எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அது எதுவும் ஒரு காரணமாகவே தெரியவில்லை.

"பரவால்லக்கா" என்றாள் அவள். "அளவு எழுதுற மெஷின்னு சொன்னீங்க. அதான் பேசிட்டேன்."

பின்னால் வரிசையில் நின்றவருக்கு ரொட்டி எடுத்துக் கொடுக்கப் போய்விட்டாள்.

உருண்டையைத் திரும்பப் பார்சல் செய்து மகனுக்கே அனுப்பினோம். கட்டி இருந்தவளிடமும், மற்றவர்களிடமும் அண்ணியே ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னாள். சொல்லாதே, யாருக்குத் தெரியப் போகிறது என்று நான்கூடச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. நாலைந்து பேர் அதற்கப்புறம் வரவில்லை. 'கூச்சம்' வரவே இல்லை. வந்தவர்களும் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு முதலில் ஜன்னல் திண்டைப் பார்த்தார்கள். என் கண் சரியாகி, நோட்டும் பென்சிலும் என் கைக்குத் திரும்பின. அண்ணி மறுபடி ஊசியைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

ஒரு மாதம் கழித்துப் பேக்கரி மருமகள் வந்தாள். குழந்தை நன்றாக இருக்கிறது, நாலாம் மாதம் முடியப் போகிறது. கவுன் மறுபடி பிடிக்கிறதாம். நாங்கள் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றோம். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். அவள் வாங்கிக் குடித்தாள், கேட்டதற்கெல்லாம் மரியாதையாக ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள். பிறகு கண்ணாடி முன்னால் போய் நின்று கையைத் தூக்கினாள்.

டேப் தொட்டதும் வயிற்றை இழுத்துக்கொண்டாள்.

"மூச்ச விடும்மா" என்றாள் அண்ணி.

அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணி காத்திருந்தாள். முன்பெல்லாம் எவ்வளவு நேரம் காத்திருப்பாளோ அதைவிட அதிகமாகவே காத்திருந்தாள். நான் பென்சிலைப் பிடித்தபடி நின்றேன். தெருவில் ஒரு வண்டி பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது, அது நின்றும் போனது. அவள் விடவில்லை.

"முப்பத்திரண்டரை" என்று அண்ணி முணுமுணுத்தாள். போன மாதத்து அளவேதான். நான் நோட்டில் அப்படியே எழுதினேன். அவள் போன பிறகு அண்ணி தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த இரண்டு இன்ச்சையும் வெளியே எடுத்துத் தைத்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் நோட்டைப் பார்க்காமல் தைத்த முதல் உடுப்பு அதுதான்.