அசல் எங்கேம்மா?

எழுபத்தோரு டாக்டர்கள், எழுபத்தோரு ஃபைல்கள், ஒரே ஒரு பச்சை ஸ்டிக்கர் ரோல். தஞ்சாவூரின் அந்தத் தனியார் மருத்துவமனையில் எந்த டாக்டர் எந்த ஆபரேஷன் செய்யலாம் என்பது நீலாம்பாளின் மேசையைத் தாண்டித்தான் போகும். படிப்பு, கவுன்சில் பதிவு, அனுபவம் எல்லாம் சரியாக இருந்தால் ஃபைலில் பச்சை ஒட்டுவார். பச்சை இல்லாதவர் பெயர் தியேட்டர் பட்டியலில் ஏறாது. டாக்டர்கள் நேரில் ‘மேடம்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘தாசில்தார்’. இரண்டும் அவருக்குத் தெரியும். இரண்டாவதுதான் பிடிக்கும்.

போன நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, சிக்கியவர் தலைமை டாக்டர் மதிவாணன். அவருடைய கவுன்சில் பதிவு அன்றோடு முடிகிறது. புதுப்பித்த சான்றிதழைக் கேட்டு நீலாம்பாள் மூன்று முறை நினைவூட்டியிருந்தார். மூன்று முறையும் “நாளைக்குத் தர்றேம்மா”. மறுநாள் காலை அவருக்கு ஒரு பித்தப்பை ஆபரேஷன் இருந்தது. நீலாம்பாளின் வேலை ஒப்பந்தமோ அந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவரும் மதிவாணன்தான்.

பதினோரு மணிக்கு ஒருவழியாகப் பழுப்பு உறை வந்தது. உள்ளே இருந்தது, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல். திருவையாற்றுப் பக்கம் மூன்று ஏக்கர், சம்பா நெல் என்று வி.ஏ.ஓ. முத்திரையோடு.

நீலாம்பாள் மாடியேறிப் போனபோது மதிவாணன் போனில் தம்பி தியாகேசனிடம் மாட்டிக்கொண்டிருந்தார். பயிர்க் காப்பீட்டுக்கு அன்றுதான் கடைசி நாள். ஸ்பீக்கரில் தம்பியின் குரல் கிழிந்தது.

“அண்ணே, இ-சேவையில சிரிக்கிறாங்க! நீங்க குடுத்த கவர்ல டாக்டர் சர்டிபிகேட்டு இருக்கு. இது என்ன பயிருன்னு கேக்குறாங்க!”

மதிவாணன் போனை வைத்தார். “பாத்தீங்களா, சர்டிபிகேட் இருக்கு. போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றேன், பச்சையை ஒட்டுங்க.”

“நகல் செல்லாது சார். அசலைக் கண்ணால பாக்கணும். பட்டியல் அஞ்சு மணிக்கு மூடிடும்.”

“எவன் போட்டான் இந்த ரூலை?”

“நீங்கதான் சார். கலர் ஜெராக்ஸ் வெச்சு ஒருத்தர் ஏமாத்தப் பாத்தாரே, அப்ப. உங்க கையெழுத்தோட இருக்கு, கொண்டாரட்டுமா?”

“இருபத்திரண்டு வருஷமா பித்தப்பை எடுக்கிறேன். பேப்பர் இல்லேன்னா கை மறந்துடுமா?”

“கை மறக்காது சார். ஆனா இந்த அடங்கல்ல நீங்க சம்பா போடலாம்னுதான் இருக்கு. பித்தப்பை எடுக்கலாம்னு இல்ல.”

அவர் முறைத்தார். நீலாம்பாளுக்குத் தன் ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. ஆனாலும் அடங்கலை மேசையில் வைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

மதிவாணன் அதை எடுத்துக்கொண்டு தானே திருவையாற்றுக்குக் காரை ஓட்டிப் போனார். அரைமணி நேர வேலைதான். இ-சேவை மையத்தில் சர்வர் படுத்திருந்தது. வாசலில் எண்பது விவசாயிகள். டாக்டரைப் பார்த்ததும் ஒருவர் முட்டியைக் காட்டினார், அடுத்தவர் சர்க்கரை அளவைச் சொன்னார். அதன் பிறகு வரிசை டாக்டர் பக்கம் திரும்பிவிட்டது.

அவர் அடங்கலைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு அசலோடு திரும்பியபோது மணி ஐந்து இருபது. நீலாம்பாள் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பச்சை ஒட்டினார்.

“அப்ப நாளைக்கு?”

“ஹாஃபிஸா டாக்டர் பேரு ஏறிடுச்சு சார். பேஷன்ட்கிட்டயும் சொல்லி சம்மதம் வாங்கியாச்சு. நீங்க திங்கட்கிழமை, முதல் கேஸ்.”



மாதக் கடைசியில் ஒப்பந்தத்தோடு நீலாம்பாளைக் கூப்பிட்டார். பேனாவைத் திறந்து, நிறுத்தினார்.

“உங்க டிகிரி சர்டிபிகேட் அசல் எங்கேம்மா?”

நீலாம்பாள் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். மதிவாணன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

டிசம்பர் முதல் தேதி நீலாம்பாள் வழக்கம்போல எட்டரைக்கு வேலைக்கு வந்தார். அன்றைக்குப் பதிவு முடியும் ஃபைல்கள் இரண்டு இருந்தன.